திருக்கை தொங்கிய நத்தார் மரம்

தர்சிகாவுக்கும் நிரோஷனுக்கும்,

இருபத்தேழு வயதில் ஓய்வு பெறுகிற ஆள் இந்தக் கிளிநொச்சியில் நானாகத்தான் இருப்பேன். வருகிற மாதம் வவுனியாவுக்குப் போகிறேன். அங்கே வேறு வேலை, வேறு மேசை. நான் இதுவரை குந்தியிருந்த மேசையும், ஸ்ரிக்கர் வெட்டுகிற மெசினும், பிளாஸ்ரிக் பந்துப் பெட்டிகளும், கதவு சரியாகப் பூட்டுப்படாத அலுமாரியும் இனி உங்களுடையவை.

மெசினை எப்படி ஓட்டுவது என்று நான் எழுதப்போவதில்லை. அது உங்களுக்கு ஒரு பின்னேரத்தில் பிடிபட்டுவிடும். அலகு மழுங்கினால் மாற்றுங்கள். பந்தை ஸ்பிரிற் போட்டுத் துடையுங்கள், மாரியில் இரண்டு தரம் துடையுங்கள். பந்துக்கு உள்பக்கம் ஒட்டுகிற எழுத்தைத் திருப்பி வெட்ட மறக்காதீர்கள். நான் மறந்த அன்று, பந்துக்குள்ளே எறும்பு குடியிருந்தால் அது வாசிக்கும் என்று முதலாளி அண்ணை சொன்னார். தொழில்நுட்பம் இவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது வேறு. வாடிக்கையாளர் முன்னால் நிற்கிறார், வெளியே மழை கொட்டுகிறது, அவருடைய பஸ் வெளிக்கிடப் போகிறது, நீங்கள் இப்போதே ஏதாவது ஒரு முடிவு சொல்ல வேண்டும். அந்த நேரத்துக்கு எந்தக் கொம்பியூட்டர் படிப்பும் உதவாது. நானும் படித்துவிட்டுத்தான் வந்தேன்.

எங்கள் கடை ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஸ்ரிக்கர் வெட்டுகிற கடை என்பது உங்களுக்குத் தெரியும். அதே மெசினால் கிறிஸ்மஸ் காலத்தில் நத்தார் மரத்தில் தொங்கவிடும் பந்துகளில் வீட்டாரின் பெயரை வெட்டி ஒட்டிக் கொடுக்கலாம் என்ற யோசனை என்னுடையது. சைவ ஊர்கள் சூழ்ந்த இடத்தில் இது ஓடுமா என்று முதலாளி அண்ணை கேட்டார். "ஓடாட்டி ஓட்டோவில தொங்கவிடுவம்" என்றேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆனால் முதல் வாடிக்கையாளர் உண்மையிலேயே ஓட்டோவோடுதான் வந்தார்.

அவர் புளியங்குளத்துக்காரர், நெற்றியில் திருநீறு. கடை வாசலில் மாதிரிக்குத் தொங்கிய பந்தைக் கண்டுவிட்டு, தன் மகளின் பெயர் போட்டு ஒன்று வேண்டும் என்றார்.

"அண்ணை, இது நத்தார் மரத்துக்கு."

"மரத்துக்கு எண்டா என்ன? என்ர பிள்ளையார் ஒண்டும் சொல்லமாட்டார். மினுங்குதே, அது காணும்."

எனக்கு அப்படியே வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. இருந்ததிலேயே பெரிய பந்தாக எடுத்து, உள்ளே தங்கத்தூள் போட்டு, மகளின் பெயரை இரண்டு நிறத்தில் வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். அடுத்த கிழமை ஆள் திரும்பி வந்தார். ஓட்டோவின் உள்கண்ணாடியில் கட்டிய பந்து குழிக்குக் குழி முன்கண்ணாடியில் டக் டக் என்று அடிக்கிறதாம். பின்னால் ஏறியவர்கள் எல்லாரும் என்ஜினில் ஏதோ கழன்றுவிட்டது என்று இறங்கப் பார்க்கிறார்களாம்.

"பிள்ளையின்ர பேர், கழட்டவும் மனமில்லை. ஏதாவது செய்யும் தங்கச்சி."

தட்டையான ஒரு பிளாஸ்ரிக் வட்டத்தில் அதே பெயரை வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். அது இன்றைக்கும் ஆடுகிறது, அடிப்பதில்லை. அன்றைக்கு நடந்ததை எல்லாம் பக்கத்துப் பான்சிக் கடை அக்கா பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட. வளையலும் றிபனும் விற்கிறவர். வாய் திறந்தால் நக்கல். என் பந்துகள் எல்லாம் அவருடைய கடைக்கு வருகிற பெட்டிகளோடுதான் கொழும்பிலிருந்து வரும்.

"எடியே, என்ன பேர், என்ன நிறம், என்ன எழுத்து எண்டு ஒரு மணித்தியாலம் கேட்டனி. எங்க தொங்கப்போகுது எண்டு ஒருக்கால் கேட்டனியே?"

"ஓட்டோவில எண்டுதானே அக்கா சொன்னவர்."

"ஓட்டோ நிண்ட இடத்தில நிக்கிற சாமானே?"

சிரித்துவிட்டு அதோடு விட்டேன். அக்கா கேட்டது பந்தின் எடையைப் பற்றி என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கேள்வி அதைவிடப் பெரியது என்று விளங்கியது அடுத்த நத்தாருக்கு முதல் நாள்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்த கதை. வாசலில் தொங்கும் காற்றுக் குமிழி விழுந்த பழைய பந்தைப் பற்றி இரண்டு பேரும் கேட்டீர்களே, பழுதான பந்தை ஏன் கழற்றாமல் வைத்திருக்கிறோம் என்று. அதற்கும் பதில் இதில் இருக்கிறது.

அந்த மார்கழியில் சுகன்யா என்று ஒரு பெண் கடைக்கு வந்தார். என் வயதுதான். விசுவமடுவில் வயல் செய்கிற சைவக் குடும்பம். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக்கிற கத்தோலிக்கக் குடும்பத்துப் பெடியன் ஒருவரை விரும்பிக் கட்டி, சில மாதங்கள் ஆகியிருந்தன. கணவர் அன்ரன் கிளிநொச்சியில் போன் திருத்துகிறவர், சனிக்கிழமைதான் வீட்டுக்குப் போவார். மற்ற நாட்களில் கரையில் உள்ள வீட்டில் மாமியும், கணவரின் அண்ணனும், அக்காவும், சுகன்யாவும்.

"மாமி கரைச்சல் ஒண்டும் இல்லை" என்றார் சுகன்யா. "நல்ல மரியாதை. அதுதான் பிரச்சினை."

"மரியாதை பிரச்சினையோ?"

"என்னைப் பார்த்து 'நீங்கள் இருங்கோ, நான் எடுக்கிறன்' எண்டுவா. 'நீங்கள் சாப்பிடுங்கோ' எண்டுவா. தன்ர மகளை 'எடி கழுதை' எண்டு கூப்பிடுறவ, எனக்கு மட்டும் ங்கோ போடுறா. கலியாண வீட்டுக்கு வந்த ஆளை மாதிரி இன்னும் கதிரையிலதான் இருக்கிறன்."

அது அவருடைய முதல் நத்தார். தன் கையால் அந்த வீட்டுக்கு முதலாவதாக ஒன்று கொடுக்க வேண்டும், அது மாமிக்குப் பிடிக்க வேண்டும். அந்த வீட்டில் யாருடைய வாயிலும் அவர் 'நீ' ஆகவில்லை. அந்த ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

நாலு பந்து கேட்டார். மாமிக்கு 'அம்மா' என்று ஒன்று, மூன்று பிள்ளைகளுக்கும் பெயர் போட்டு மூன்று.

"உங்கட பேர்?"

"எனக்கு வேண்டாம். எனக்கு நானே தொங்கவிட்டா வடிவில்லை."

பெயர்களைக் கேட்டேன். அண்ணன் ஞானப்பிரகாசம். அக்கா இமாக்குலேற்றா. கணவர் அன்ரன் கிறிஸ்தோப்பர். நான் பந்தைக் கையில் எடுத்துக் காட்டினேன். வளைவில் நீளப் பெயர் ஒட்டினால் நடுவில் சுருங்கும், வாசிக்கப் பந்தைச் சுற்ற வேண்டும். வீட்டில் கூப்பிடுகிற சின்னப் பெயர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்றேன். எங்கள் ஊர்களில் எந்த வீட்டில்தான் கூப்பிடு பெயர் இல்லை. பதிவுப் பெயர் பள்ளிக்கூடத்துக்கும் வங்கிக்கும்தான்.

சுகன்யாவுக்குத் தெரியவில்லை. கடையில் நின்றபடியே கணவருக்குப் போன் எடுத்தார்.

"இஞ்சேருங்கோ, அத்தானையும் மச்சாளையும் சின்னனில என்னெண்டு கூப்பிடுறவை? ... என்ன? ... மெய்யாவோ? ... சிரிக்காமல் சொல்லுங்கோ."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அத்தான் திருக்கையாம். மச்சாள் சூடையாம். இவர் ஓராவாம்."

மூன்றும் கடல் மீன். திருக்கை அகலமாக விரிந்த பெரிய மீன், சூடை கைவிரல் நீளச் சின்ன மீன், ஓரா முள்ளுக் குத்துகிற மீன். எனக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. மனம் ஏற்கெனவே மெசினுக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் ஏன், மீனின் உருவத்தையே வெட்டி அதன் வயிற்றில் பெயரை வைப்போம், நீல வைனில் ஸ்ரிக்கர்த் தாள், வெள்ளிச் செதில், உள்ளே கொஞ்சம் மணல் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

"மாமி என்ன நினைப்பாவோ தெரியாது" என்றார் சுகன்யா.

"கடல்கார வீட்டுக்கு மீனை விட என்ன வேணும் அக்கா? பாருங்கோவன், பிரிச்ச உடன சிரிப்பா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் உற்சாகம் தொற்று வியாதி மாதிரி என்று முதலாளி அண்ணை சொல்வார். அது அவருக்கும் தொற்றியது.

அந்த நாலு பந்தும் என் கையால் வந்ததிலேயே வடிவானவை. திருக்கையின் வாலைப் பந்தைச் சுற்றி வளைத்து விட்டிருந்தேன். முதலில் ஒட்டிய திருக்கையில் ஒரு காற்றுக் குமிழி விழுந்துவிட்டதால் வேறொன்று செய்து கொடுத்தேன். பழுதானதை எறிய மனம் வரவில்லை. வாசலில் கட்டியிருந்த சவுக்கங் கொப்பில் மாதிரிக்குத் தொங்கவிட்டேன்.

நத்தாருக்கு முதல் நாள் காலை. விடியவே மழை. கடையில் சனம். படகின் பக்கத்தில் ஒட்ட எழுத்து வெட்ட வேண்டும் என்று ஒருவர் மழைக்கோட்டோடு உள்ளே வந்தார். கதவை முழுதாகத் திறந்தால்தான் வரக்கூடிய ஆள். எழுத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பியவர் வாசலில் தொங்கிய பந்தைக் கண்டார். கிட்டப் போய் வாசித்தார். ஒரு விரலால் மெல்லத் திருப்பி மறுபடி வாசித்தார்.

"தங்கச்சி, உதை ஆர் சொல்லிச் செய்தனீர்?"

"முல்லைத்தீவுப் பக்கம் ஒரு அக்கா, தன்ர அத்தானுக்குச் செய்விச்சவ" என்றேன் நிமிராமலே. "ஆள் நல்ல அகலமாக்கும், அதுதான் அந்தப் பேர்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். அவருடைய தோள்கள் வாசல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றன.

"அகலம்தான்" என்றார்.

தர்சிகா, நிரோஷன், அந்த நேரத்தில் மேசைக்குக் கீழே இடம் இருந்திருந்தால் போயிருப்பேன். ஆனால் மனிதர் கோபப்படவில்லை. கதிரையை இழுத்து உட்கார்ந்தார். நனைந்த தலையைக் கையால் துடைத்தார்.

"அகலத்துக்கு வைச்ச பேர் இல்லைத் தங்கச்சி. எங்கட அப்பா வைச்சது. பிள்ளை பிறந்த அண்டு வலையில முதல் என்ன மீன் வந்துதோ, அதுதான் அவர் கூப்பிடுற பேர். சாமியார் வைச்ச பேர் கோயிலுக்கு, தான் வைச்ச பேர் வீட்டுக்கு எண்டுவார். கரையால வரேக்கையே கூப்பிட்டுக்கொண்டுதான் வருவார். மூண்டு பேரும் ஓடுவம்."

"பிறகு?"

"வருத்தம் வந்து செத்துப் போட்டார். அது நடந்து ரெண்டு மூண்டு வருசம். அதுக்குப் பிறகு அம்மா சொன்னவ, 'இனி இந்த வீட்டுக்க அந்தப் பேருகளைக் கூப்பிடாதேங்கோ, எனக்கு அவற்ர குரல் கேக்குது' எண்டு. நாங்கள் கடலில நிண்டால் கூப்பிடுவம். படலை தாண்டி வீட்டுக்க வந்தால் கூப்பிடுறேல்லை. அன்ரன் விசரன், மனுசி கேட்ட உடன யோசிக்காமல் சொல்லியிருப்பான். அந்தப் பிள்ளைக்கு உது எங்க தெரியும்."

அந்தப் பெட்டி அப்போது அவர்கள் வீட்டு மரத்தின் கீழே இருந்தது. பின்னேரம் பூசைக்கு வெளிக்கிட முதல் பிரிப்பதாகச் சொல்லியிருந்தார் சுகன்யா. மாமியிடம் 'நீ' வாங்க அவர் கொண்டுபோன பெட்டி, மாமி மூடி வைத்ததைத் திறக்கப்போகிறது. அதைச் சோடித்து, வால் வளைத்து, மணல் போட்டுக் கொடுத்தது நான்.

"ஒண்டும் யோசியாதேயும்" என்றார் அண்ணன். "நான் போய்ப் பெட்டியை எடுத்து ஒளிச்சுப்போடுறன். காணேல்லை எண்டு தேடட்டும். நத்தார் முடியச் சொல்லிக்கொள்ளலாம்."

எவ்வளவு வசதியான யோசனை. நான் சரி என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். அப்போது பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து பான்சிக் கடை அக்காவின் குரல் வந்தது.

"பெட்டி ஆற்ர?"

இரண்டு பேரும் தடுப்பைப் பார்த்தோம்.

"அவள் குடுக்கிற பெட்டி. அவளுக்குத் தெரியாமல் நீங்கள் ரெண்டு பேரும் என்னெண்டு எடுப்பியள்? ஏற்கெனவே அந்த வீட்டில அவளுக்கு ஒண்டும் தெரியாமல் கிடக்கு. இதையும் தெரியாமல் வைச்சிருக்கப் போறியளே?"

நான் சுகன்யாவுக்குப் போன் எடுத்தேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். நான் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்கவில்லை என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் மழைச் சத்தத்துக்கு மேலால் சுகன்யா கேட்டார்.

"அத்தான் அதில நிக்கிறாரோ? கோவமோ?"

போனை அவரிடம் கொடுத்தேன். அவர் அதை ஒரு குருவிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். "எனக்கென்ன கோவம்? என்ர பேர்தானே. நல்ல வடிவாக் கிடக்கு. அம்மாவை நினைச்சுத்தான் யோசிக்கிறன்."

பிறகு போன் என்னிடம் வந்தது. சுகன்யாவின் குரல் மாறியிருந்தது. "கோயிலில வைச்ச பேர் போட்டு இன்னொரு செற் வெட்டித் தாங்கோ. அத்தானிட்டக் குடுத்துவிடுங்கோ. ரெண்டும் என்னட்ட இருக்கட்டும். எதைக் குடுக்கிறது எண்டு நான் பார்த்துக்கொள்ளுறன்."

வெட்டலாம். பந்து எங்கே? பெட்டி காலி. நத்தாருக்கு முதல் நாள் கிளிநொச்சியில் பந்து தேடுவது வைகாசியில் வெள்ளம் தேடுவது மாதிரி. அக்கா தன் கடைக் கண்ணாடிக்குள் நின்ற சோடினை மரத்திலிருந்து மூன்று சிவப்புப் பந்துகளைக் கழற்றிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார்.

"உங்கட மரம் மொட்டையாப் போச்சே அக்கா."

"வாற சனம் வளையலைப் பார்க்கட்டும்."

வெள்ளை வைனிலைப் போட்டு மூன்று பெயரையும் மெசினில் விட்டேன். கடைசி எழுத்து வெட்டி முடியவும் கரண்ட் போனது. அந்த ஒரு விசயத்தில் கடவுள் எங்கள் பக்கம். எழுத்தைச் சுற்றியுள்ள மிச்சத்தை உரிக்க வேண்டும், போன் வெளிச்சத்தில். அண்ணன் தானும் உரிக்கிறேன் என்று கை கொடுத்தார். அவருடைய சுட்டுவிரல் என் மூன்று விரல் அளவு. முதல் நிமிசத்திலேயே 'ஞா' கழன்று அவருடைய பெருவிரலில் ஒட்டிக்கொண்டது. உதறினார், மற்றக் கைக்கு மாறியது. மற்றக் கையால் எடுத்தார், மூக்கில் ஒட்டியது.

"உங்கட பேர் உங்களை விட்டுப் போகமாட்டுதாம்" என்றார் அக்கா.

"அதுக்குத்தான் அப்பா எனக்குச் சின்னப் பேர் வைச்சவர்" என்றார் அவர். எல்லாரும் சிரித்தோம். அந்த 'ஞா'வை மூக்கிலிருந்து ஊசியால் எடுத்துப் பந்தில் ஒட்டினேன். இன்னமும் கொஞ்சம் சரிவாகத்தான் இருக்கும். ஞானப்பிரகாசம் பந்தின் பாதியைச் சுற்றிப் போனது.

அவர் பந்துப் பெட்டியை மழைக்கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனார். படகு எழுத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் முழுதும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எடுக்கவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் அந்தக் குடும்பத்துடையது. நமது வேலை பெட்டியோடு முடிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடியவில்லைதான்.

நத்தார் அன்று மத்தியானம் சுகன்யாவே எடுத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

மாமி குசினியில் பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டு நின்றாராம். சுகன்யா இரண்டு பெட்டியையும் கொண்டுபோய்ப் பக்கத்து மேசையில் திறந்து வைத்தாராம். "மாமி, உங்களுக்கு எண்டுதான் செய்விச்சனான். இந்தப் பேருகள் மாமா வைச்சது எண்டு எனக்குத் தெரியாது. வேண்டாம் எண்டா மற்றப் பெட்டியைத் தொங்கவிடுவம். நீங்கள் சொல்லுங்கோ."

மாமி கையைத் துடைத்துவிட்டு ஓராவை எடுத்தாராம், வைத்தாராம். சூடையை எடுத்தாராம், வைத்தாராம். திருக்கையை எடுத்தவர் வைக்கவில்லையாம். அதன் வாலை விரலால் தடவிக்கொண்டே நின்றாராம். தாச்சியில் எண்ணெய் புகைக்கத் தொடங்கிவிட்டது. சுகன்யா ஓடிப்போய் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மாமி குசினி வாசலில் நிற்கிறார்.

"திருக்கை" என்று கூப்பிட்டாராம். மெல்லவாக இல்லை, கரைக்குக் கேட்கிற மாதிரி.

விறாந்தையில் நட்சத்திரக் கூட்டுக்கு வயர் கட்டிக்கொண்டு நின்ற அந்தப் பெரிய மனிதர் வயரைப் போட்டுவிட்டு, "என்னம்மா" என்று பத்து வயதுப் பெடியன் மாதிரி ஓடி வந்தாராம்.

"ஏணியைக் கொண்டா. இது மேல் கொப்பில நிக்க வேணும். எங்கயடி சூடை? அவளையும் வரச்சொல்லு. ஓரா இன்னும் குளிக்கேல்லையோ?"

பிறகு வீடு முழுதும் மீன் பெயராம். சிரிப்பாம். நடுவில் மாமி ஒருக்கால் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, பணியாரப் புகை என்றாராம். மரத்தை எப்படிச் சோடிப்பது என்றும் மாமியே முடிவு செய்தாராம். சிவப்புப் பந்துகள் றோட்டுப் பக்கம், பூசைக்குப் போகிற சனம் வாசிக்க. மீன் பந்துகள் வீட்டுப் பக்கம்.

"உங்களை ஏதும் சொன்னவவோ?" என்று கேட்டேன்.

"'உங்கட பேர் எங்க, செய்விக்கேல்லையோ?' எண்டு கேட்டவ. எனக்கு நானே செய்விக்கிறது வடிவில்லை மாமி எண்டன். பணியாரத்தைப் பார்க்கப் போயிட்டா." பிறகு சுகன்யா தானே சொன்னார். "ங்கோ அப்பிடியேதான் இருக்கு. பரவாயில்லை. வீடு சிரிச்சுது."

பரவாயில்லை என்று சொல்கிற குரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும். நான் செய்த பந்து அந்த வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டது, வாங்கிக்கொண்டு போனவரைத் தவிர.

அக்கா அன்றைக்குக் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. எங்கே தொங்கப்போகிறது என்றால் எந்தக் கொப்பில் என்று மட்டும் இல்லை. யார் தொங்கவிடுவார், யார் வாசிப்பார், அந்தப் பெயரால் அந்த வீட்டில் யார் யாரைக் கூப்பிடலாம். நீங்கள் நிறத்தைக் கேட்க முதல் இதைக் கேளுங்கள். பதில் சொல்ல ஆள் தயங்கினால் மெசினை நிறுத்தி வையுங்கள். பிழை நடந்துவிட்டால் வாங்கினவரிடம் முதலில் சொல்லுங்கள். திருத்திய பெட்டியையும் கொடுங்கள், எதைத் திறப்பது என்பதை அவருக்கே விடுங்கள். சுகன்யா அந்தப் பெட்டியை மாமிக்கு முன்னால் திறந்து வைத்ததுபோல நானோ திருக்கை அண்ணையோ திறந்திருக்க மாட்டோம். நாங்கள் ஒளித்திருப்போம்.

நத்தார் மரம் கழற்றுகிற மூன்று இராசாக்கள் திருநாளுக்கு முதல், மழை விட்ட ஒரு காலை, கடை வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். ஒருவர் சுகன்யா. மற்றவர் வெள்ளைச் சேலை, கையில் பிளாஸ்ரிக் கூடை. வாசலில் தொங்கிய பழுதான திருக்கையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"நீர்தானோ மீன் வெட்டுற பிள்ளை?"

"ஓம் அம்மா."

"இன்னும் ஒண்டு வெட்டித் தாரும். மரம் கழட்ட முதல் தொங்க வேணும்."

"என்ன பேர்?"

"விரால்."

சுகன்யா சட்டென்று திரும்பினார். விரால் கடலில் இல்லை. அது குளத்து மீன்.

இந்த முறை நான் கேட்டேன். "அம்மா, இந்தப் பேரை வீட்டில ஆர் கூப்பிடுவினம்?"

"நான்தான். வேற ஆர்?" என்றார் அவர். "அவர் இருந்தால் அவர் வைச்சிருப்பார். அவர் இல்லை, நான் வைக்கிறன். இவள் எங்கட வீட்டுக்கு வந்த அண்டு எங்கட பெடியள் ஒருத்தரும் தொழிலுக்குப் போகேல்லை. குசினியில கிடந்தது சம்பந்தி விசுவமடுவில இருந்து கட்டி அனுப்பின விரால் ஒண்டுதான். அதைத்தான் அண்டு சமைச்சனான். முறை முறைதானே."

"மாமி, றோட்டில விரால் எண்டு கூப்பிட்டால் சனம் சிரிக்கும்" என்றார் சுகன்யா.

"நீ பேசாமல் இரு" என்றார் மாமி.

சுகன்யா என்னைப் பார்த்தார். நான் மெசினைப் பார்த்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் வளையல் அடுக்குகிற சத்தம் நின்றுபோனது.

விராலுக்குப் பச்சை வைனில் எடுத்தேன். செதிலுக்கு வெள்ளி. உள்ளே மணலுக்குப் பதிலாக அலுமாரிக்குள் கிடந்த மயில்நீல மணிகள் கொஞ்சம். வெட்டி, உரித்து, ஒட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் துணியால் அழுத்திக் கொடுத்தேன். மாமி அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கூடைக்குள் வைத்தார். திருக்கை அண்ணை விட்டுவிட்டுப் போன படகு எழுத்தையும் சுருட்டி அந்தக் கூடையில் வைத்துவிட்டேன்.

வாசலில் தொங்கும் அந்தப் பழுதான பந்தைக் கழற்றாதீர்கள். யாராவது வந்து அதுபோல ஒன்று வேண்டும் என்று கேட்டால், அவருக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று கேளுங்கள். பாதி வேலை அதில் முடியும்.

மாமி முன்னால் இறங்கிப் போனார். சுகன்யா செருப்பை மாட்டிக்கொண்டு என்னிடம் ஏதோ சொல்ல வாசலில் நின்றார். சிரித்தார். அதற்குள் பஸ் நிலையப் பக்கமிருந்து குரல் வந்தது. கரைக்குக் கேட்கிற குரல். றோட்டில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எடி விரால், ஓடி வா, பஸ் வெளிக்கிடுது."

அவர் ஓடினார்.